ஐந்து புள்ளி

குதிரை மேலிருந்தபடி யாரோ கிறுக்கிய ஆணை.
முதல் எழுத்துக்குப் பல் இருக்கிறது, புள்ளி இல்லை.
கீழே மூன்று வைத்தால் பாலூர்,
மேலே இரண்டு வைத்தால் தாலூர்.
படைத்தலைவர் மேலே வைத்துப் படித்தார்.

நகரி மலை மூக்குக்குத் தெற்கே
இரண்டு நாள் புகை நின்றது.
தீவனம் தர மறுத்தது பாலூர்.
எரிந்தது தாலூர்.

சித்தூர்க் கோட்டையில் மீர் இனாயத்
அதற்குள் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டார்:
"பாலூரின் கலகப் புழுதி
வாளின் நீரால் அடங்கியது."
நல்ல பாரசீகம். குறை சொல்ல முடியாது.
வாளுக்கு நீர் உண்டு அந்த மொழியில்.

நான் துக்கோஜி, நகல் எழுதுகிறவன்.
நாணல் பேனா, மாசிக்காய் மை,
பக்கத்துக்குக் கால் பணம்.

வரலாறு சொன்னதால் பாலூர் எரிந்த ஊர்.
எரிந்த ஊருக்கு ஓராண்டு வரி தள்ளுபடி.
பாலூர் மணியக்காரர் ஒரு குடம் வெல்லப்பாகோடு வந்து
கண்ணைத் துடைத்துக்கொண்டு
சலாம் வைத்துப் போனார்.

தாலூர் காகிதத்தில் நிற்கிறது,
கூரைகளோடு, இரண்டு ஏற்றத்தோடு, புளியந்தோப்போடு.
நிற்கிற ஊர் கட்ட வேண்டியது
இருநூற்று நாற்பது வராகன்.

தலையாரி கங்குலப்பன் மூன்று தடவை வந்தான்.
முதல் தடவை பேசினான், பாதி தெலுங்கு பாதி தமிழ்.
அடுத்த தடவை கரிந்த மரக்காலைக் காட்டினான்.
மூன்றாம் தடவை வெறுங்கையோடு
கச்சேரி வாசலில் நின்று
என் விரலிலிருந்த மையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மீரிடம் சொன்னேன்.
"நவாப் கேட்டுத் தலையாட்டிய வரி அது.
ஆடிய தலையைத் திருப்பி ஆட்டச் சொல்வாயா?"
பிறகு கொஞ்சம் இரங்கி,
"ஆண்டுக் கணக்கை அந்தப் பெயரில்தான் கட்டியிருக்கிறேன்.
பே என்றால் இரண்டு, தே என்றால் நானூறு.
மாற்றினால் வருஷம் எங்கோ போய்விடும், துக்கோஜி."

நானூறு.
தாலூரில் அத்தனை பேர் இருந்ததில்லை.
நூற்றுப் பதினேழு.
இப்போது எத்தனை என்று
கங்குலப்பன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்துக் கணக்கர்கள்
ஓலையிலும் புள்ளி வைப்பதில்லை.
குத்தினால் கிழியும்.
படிக்கிறவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள்.
படிக்கிறவனுக்குத் தெரியுமாம்.

அன்றிரவு நகலில் அந்தப் பல்லுக்கு வந்தேன்.
விளக்கில் எண்ணெய் இருந்தது, சாக்கு இல்லை.
கீழே மூன்று வைத்தேன்.
மேலே இரண்டும் வைத்தேன்.
எந்த மொழியிலும் இல்லாத எழுத்து.

காலையில் மீர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஈ எச்சம்" என்றார்.
என் முகத்தைப் பார்க்காமல்
சிறு கத்தியால் ஐந்தையும் சுரண்டினார்,
ஊதினார்,
கீழே மூன்றை மட்டும் அழகாக வைத்தார்.

அந்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும்.
கங்குலப்பனுக்குப் படிக்கத் தெரியாது.
விரல் இருக்கிறது.