வடக்கே சூலம்

புதன்கிழமை. வடக்கே சூலம்.
ஆரம்பாக்கம் வளைவுக்கு ஆறு ஐந்துக்கு வரும்
கம்பெனி பஸ்ஸுக்கு அது தெரியாது.
ஒரு மடக்குப் பால் குடித்துவிட்டு ஏறினேன்.
தடா வந்ததும் போர்டுகள் தெலுங்காகின்றன,
கைப்பேசி ஆந்திராவுக்கு நல்வரவு சொல்கிறது.
மார்கழிப் பனியில் ஏரிப் பக்கம்
இரண்டு பூநாரைகள்
ஒற்றைக்காலில் இன்னும் தூங்குகின்றன.

ஆயிரம் வருஷம் முன்னால் கியோட்டோவில்
என்னைப் போல் கிளம்ப வேண்டிய ஒரு பிரபு
ஆகாத திசை என்றால்
முந்தின இரவே வேறொரு வீட்டில் போய்ப் படுத்து
அங்கிருந்து கோணலாகப் புறப்படுவானாம்.
ஜப்பானியப் பரீட்சைக்குப் படித்த பாடம், எண்பத்தேழாம் பக்கம்.
பால் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தொழிற்சாலையில் என் வேலை
மூங்கில் தட்டியாக நிற்பது.
அரண்மனைப் பெண்கள் தட்டிக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார்கள்,
அடுக்கடுக்காய் உடுத்த பட்டின்
கை விளிம்பு மட்டும் வெளியே தெரியும்,
ஒரு நிறத்துக்கு ஒரு விரல்கடை.
என்னிடம் விளிம்பும் இல்லை.
இனோகுமா சான் சொல்வது தமிழாகிறது, தெலுங்காகிறது.
நடுவில் யாரும் நிற்கவில்லை என்று
இரண்டு பக்கமும் நம்ப வேண்டும்.
எனக்குத் தந்த ஹெல்மெட் சாம்பல் நிறம்,
நெற்றியில் 'விசிட்டர்'.
நாலு வருஷமாக.

இன்று ஒசாகாவிலிருந்து தலைவர் வருகிறார்.
பெயின்ட் ஷாப் தரையில்
நேற்றே புது மஞ்சள் கோடு இழுத்தாயிற்று.
கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஹெல்மெட், நீலம்.
இந்தப் பக்கம் கான்ட்ராக்ட், பச்சை.

ஹெல்மெட்டுகளைப் பார்த்ததும் தலைவர் நின்றுவிட்டார்.
எங்கள் அரசவையிலும் ஆதியில் இப்படித்தான், என்றார்.
பன்னிரண்டு படி, பன்னிரண்டு தொப்பி.
ஊதா உச்சியில். அப்புறம் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை.
கடைசியில் கறுப்பு.
நிறத்துக்கு ஓர் அறம். கறுப்புக்கு, அறிவு.
(அறிவைக் கடைசியில் வைத்த ஆபீஸ்
எனக்கு உடனே புரிந்தது.)
பிற்காலத்தில் ஐந்தாம் படிக்குக் கீழே இருந்தவன்
அரசரின் மண்டபத்தில் ஏற முடியாது.
அவனுக்குப் பெயர் ஜிகே.

ஜிகே.
ஒரு மூச்சு திணறினேன்.
இந்தச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை,
அதுதான் சிக்கல்.
எதை எடுத்தாலும் அதில் யாரோ ஒருவருடைய
தெரு இருக்கிறது.
தரைக்காரர், என்றேன். தெலுங்கில், நேலவாள்ளு.
அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை.
இப்போது இருக்கிறது.

கோட்டில் கட்டைவிரல் படாமல் நின்ற
சத்தியவேடு பெஞ்சலய்யா
மாப்புக் கட்டையில் தாடையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:
அடுகம்மா, அந்த மண்டபத்தை யார் கூட்டினது?
அவனுக்கு என்ன கலர் தொப்பி?
கூட்டணும்னா ஏறித்தானே ஆகணும்?

இனோகுமா சான் என்னைப் பார்த்தார்.
'வரவேற்கிறார்' என்று சொல்லியிருக்கலாம்,
தட்டிகள் அப்படிச் செய்வதுண்டு.
சொல்லவில்லை.
என்னிடமிருந்த மரியாதைச் சொல் எல்லாவற்றையும்
ஒன்றன்மேல் ஒன்றாய் உடுத்தி
கேள்வியை அனுப்பினேன்.
அத்தனை பட்டுக்கும் அடியில்
அதே கேள்விதான் இருந்தது.

தலைவர் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.
பிறகு,
'சாஅ...'
தெரியவில்லை என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள்.
அப்படியே தந்தால் தமிழில் சாபம்.
யோசிக்கிறார், என்றேன்.
யோசிக்கட்டும், என்றார் பெஞ்சலய்யா.

கூட்டம் நகர்ந்தது.
புதுத் தரையில் முப்பது காலணித் தடங்கள்.
அவர் மாப்பை நனைத்துப் பிழிந்து
கோட்டைத் தாண்டி ஏறினார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
துடைக்கத்தானே.

மாலை பஸ் தெற்கே போகிறது.
தெற்கே
நாளைக்குத்தான் சூலம்.