வலை ஒன்று, பதினெட்டு திர்ஹம்

அல் நஹ்தாவில் அந்தப் பல் மருத்துவமனையை
வியாழனோடு மூடுகிறார்கள்.
நாற்காலிகளை அஜ்மான்காரர் ஒருவர் ஏற்றிப் போனார்.
தொட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஆறாக வாங்கி விட்டவை. மிச்சம் ஒன்று.
கட்டைவிரல் நீளம், பித்தளை நிறம்,
விலாவில் இரண்டு வரிசைத் தகடு,
ஓடு வேய்ந்தது போல.
கடைக்காரன் 'கோரி' என்றுதான் பில் போடுவான்.
எனக்குக் கெளுத்தி.
மீசையும் முள்ளும் இருந்தால் கெளுத்திதான்.

"கக்கூஸில் ஊற்றிவிடு" என்றார் ஜுனைத் போனில்.
"அஞ்சு திர்ஹம் மீனுக்கு வண்டி அனுப்புவேனா?"

வலையை இறக்கினேன்.
ஓடவில்லை. நின்ற இடத்தில் தன்னைப் பூட்டிக்கொண்டது.
விறைத்த முள் வலைக்கண்ணில் ஏறியது.
இழுத்தால் இறுகுகிறது,
தளர்த்தினாலும் விடமாட்டேன் என்கிறது.
பிடிபட்டதா, பிடித்துக்கொண்டதா?

மேரிவிக் நகக் கத்தரி தந்தாள்.
கம்பெனி வலை.
ஒரு கண், இரண்டு கண், ஏழு கண் அறுத்தேன்.
ஈரத் துணியில் கிடந்தபடி
கீச்சென்று ஒரு சத்தம் போட்டது,
எண்ணெய் காணாத கீல் மாதிரி.

இந்த ஊர்த் தண்ணீர் ஆறு பார்த்ததில்லை.
கடலைப் பிடித்து உப்பைக் கழற்றிக்
குழாயில் ஏற்றியது.
மிச்சமிருக்கும் குளோரினை
நான் கழற்றுகிறேன், வாரம் ஒரு மூடி மருந்தில்.
இந்த மீனும் பார்த்ததில்லை,
ஏதோ பண்ணைத் தொட்டியில் பொரித்தது.
ஆனாலும் நினைத்துக்கொண்டாற்போல்
விர்ரென்று மேலேறி
ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்
குடலில் வைத்துக்கொண்டு இறங்கும்.
வற்றுகிற குட்டைக்கான ஏற்பாடு அது.
ஃபில்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது,
அதற்கு நம்பிக்கை இல்லை.

"உன்னை மாதிரியேதான்" என்றான் ஒருமுறை
மேல்கட்டில் எழில்வாணன்.
எனக்கு ஏதடா முள், என்றேன்.

ஒன்றைக் கிழித்தாலும் ஒன்று தாங்கட்டுமென்று
பைக்குள் பை போட்டேன்.
சனாயா போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்து இருக்கைக்காரர் சமோசா என்று நினைத்திருப்பார்.
இரவு வாளியில்.

மறுநாள் வேலை மஜாஸில், ஒரு சலூன்.
அங்கே ஐந்து இருந்தன, இதே சாதி.
கண்ணாடி துடைக்கிற சாக்கில்
ஊற்றிவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

சம்பளச் சீட்டில் 'வலை 1' என்று பதினெட்டு கழித்திருந்தார்கள்.
போய் எண்ணினேன்.
ஆறும் மணலில் மூக்கைப் புதைத்துக் கிடந்தன,
எது நம்முடையது என்று தெரியாமல்.
பிறகு ஒன்று மேலே ஏறி இறங்கியது:
முள்ளில் இன்னும்
பச்சை நைலான் இழை.