பத்தொன்பதாம் இலக்கக் கிணறு

குழுத் தலைவர் என்ற கட்டத்துக்குள்
என் பெயரை எழுதியது பிரதீசா.
என் கையெழுத்து வடிவாம்,
என் போனில் டேட்டா தீராதாம்.
வேறு காரணம் ஒருவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
உள்ளுக்குள் ஒரு சின்னக் கொடி ஏறியது,
ஒத்துக்கொள்கிறேன்.

நிலாவெளியில் முப்பது கிணறுகள்.
தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளக்க வேண்டும்.
ஐந்து பேர், ஒரே ஒரு மீற்றர்.
முதல் நாளே அட்டவணை போட்டேன்:
யார் கயிறு, யார் போத்தல், யார் கேள்வி.
இரவில் அவர்கள் எழுதிய தாள்களையெல்லாம்
என் எழுத்தில் திரும்ப எழுதினேன்.
திலினி போடும் ஏழு
ஒன்றைப்போல இருக்கும் என்றொரு சாட்டு.
விடியக் கண் எரியும்.
அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இல்ஹாம் பேசமாட்டான்.
பேசாதவனிடம் யோசனை இராது
என்பது அப்போது என் கணக்கு.

கச்சான் காற்று மணலை அள்ளி
முகத்தில் எறிந்த ஒரு வியாழக்கிழமை
போட்டோக்கொப்பி எடுக்க டவுனுக்கு வந்தோம்.
சுஜீவன் பிந்தினான்.
பஸ் நிலைய வாங்கில் கோப்பை வைத்துவிட்டுத்
தள்ளிப்போய் நின்று
பொறுப்பு என்றால் என்னவென்று
போனில் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.
நல்ல வசனங்கள்.
திரும்பினால்
ஒரு புள்ளிமான்
பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை
மென்றுகொண்டிருந்தது.

சிரித்தது திலினி மட்டும்.
என் முகத்தைப் பார்த்து அவளும் நிறுத்தினாள்.

"ஞாபகம் இருக்கு, நானே நிரப்பிவிடுறன்.
பத்தொன்பது, ஆயிரத்து நூறு."
தடுமாறாமல் சொன்னேன்.
தலைவர்கள் தடுமாறுவதில்லை என்று
எங்கோ படித்திருந்தேன்.

ஒருவரும் மறுக்கவில்லை.
இல்ஹாம் மீற்றரை வெளியே எடுத்துப்
பற்றரி இருக்கிறதா என்று பார்த்தான்.
"மூன்றேகாலுக்கு ஒரு நிலாவெளி பஸ் இருக்கு."
அவ்வளவுதான், என்னைப் பார்க்காமல்.
மூன்று பேரும் ஏறிவிட்டார்கள்.
மிதிபலகையில் கடைசியாக என் கால்.

உப்புவெளியில் சுஜீவன் ஏறினான்,
கடதாசிப் பையில் ஐந்து பேருக்கும் வடை.
ஏன் பிந்தினாய் என்று அப்போதுதான் கேட்டேன்.
தங்கச்சியைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வந்தானாம்.

பத்தொன்பதில் அந்த அக்கா
சட்டி தேய்த்துக்கொண்டிருந்தா.
"காலமை அளந்தனீங்கள்தானே பிள்ளையள்?"
பிரதீசா வாளியை இறக்கினாள்.
மீற்றர் ஏறி ஏறி
இரண்டாயிரத்துக்கு மேலே போய் நின்றது.
திரும்ப அளந்தோம்.
அதே இலக்கம்.
"பின்னேரத்தில இப்பிடித்தான்.
ஹோட்டல்காரர் பகல் முழுக்க மோட்டர் போடுவினம்.
இந்த நேரத்துத் தேத்தண்ணி வாயில வைக்கேலாது.
ஒருத்தரும் பின்னேரம் வந்து கேக்கிறதில்லை."

என் அட்டவணையில்
பின்னேரம் என்றொரு கட்டமே இல்லை.
நான் எழுதவிருந்த ஆயிரத்து நூறு
வடையோடு சேர்ந்து தொண்டையில் கரித்தது.
திலினி எழுதினாள், தன் ஏழுகளோடு.

அன்று இரவு அந்தத் தாளைத் திரும்ப எழுதவில்லை.
கை பரபரத்தது.
தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

முப்பதையும் பின்னேரத்தில் ஒருதரம் அளப்போமா
என்று இல்ஹாம் கேட்டான்,
எல்லோரையும் பார்த்து.
அந்தக் கிழமை முழுக்க நான் போத்தல் கழுவினேன்.
அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலச வேண்டும்,
இல்லாவிட்டால் முந்திய கிணறு
அடுத்ததற்குள் வந்துவிடும்.
அட்டவணையில் நான் அதை
ஒரே சொல்லில் எழுதியிருந்தேன்: கழுவுதல்.

கட்டத்துக்குள் இன்னும் என் பெயர்தான்.
அழிக்க நினைத்தேன்.
அதுவும் ஒருவகைக் கொடியேற்றம்தான்
என்று விட்டுவிட்டேன்.
மான் கதையை விரிவுரையாளரிடம்
யாராவது போய்ச் சொல்லவும் வேண்டுமே.

நேற்றுப் பஸ் நிலையத்தில்
அதே மானோ, வேறொன்றோ,
கோப்பை நெஞ்சோடு அணைத்து நின்ற என்னை
தலை தூக்கிப் பார்த்தது,
இரண்டாம் அத்தியாயம் எப்போது என்பதுபோல.