ஜூலையில் கோடை வாங்குதல்

மெல்பர்னில் ஏழு டிகிரி.
பதினெட்டு மாணவர்கள், இரவல் கோட்டு பதினேழு.
ஜுன் வெய் மட்டும் புதிதாக வாங்கினான்,
விலைச்சீட்டைக் கிழிக்காமல் உள்ளே மடித்துத் திரிகிறான்,
ஊருக்குப் போகுமுன் திருப்பிக் கொடுத்துவிடலாமாம்.
என்னுடையது பக்கத்து வீட்டு நார்மா அக்காவின் கோட்டு.
பைக்குள் என்றைக்கோ தின்ற இருமல் மிட்டாயின் உறை.

பிரன்ஸ்விக்கில் டயர் கடைக்கு மேலே ஷோரூம்.
படியேறினால்
அடுத்த ஜனவரி தொங்குகிறது.
லினன், மெல்லிய பருத்தி,
முதுகே இல்லாத கவுன்கள்.
ஹீட்டரை அணைத்தபடி உட்கார்ந்து
மூன்று ஸ்வெட்டர் போட்ட வூலா
கையில்லாத சட்டைகளை விற்கிறாள்.

பயிற்சி இதுதான்:
ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் டாலர், காகிதத்தில்.
ஒரு கடை, அதுவும் காகிதத்தில்.
கோடைக்குச் சரக்கு எடு.
உனக்குப் பிடித்ததை எடுக்காதே.
விற்காததை என்ன செய்வாய், அதையும் எழுது.

கோடையா!
பிறந்ததிலிருந்து அதற்குள்தானே குடியிருக்கிறேன்.
யீஷூனில் டிசம்பருக்கும் வியர்க்கும்.

தையலை இழுத்துப் பார்த்தோம்.
சாயம் போகுமா என்று
எச்சில் விரலால் தேய்த்த ஃபர்ஹானாவை
வூலா முறைத்தாள்.
பிறகு அளவு விகிதம்:
எட்டில் ஒன்று, பத்தில் இரண்டு,
பன்னிரண்டில் இரண்டு, பதினான்கில் ஒன்று.
முகம் தெரியாத பெண்களை
இடுப்பு வாரியாகப் பங்கு போட்டேன்.

ஒரு மஞ்சள் கவுன்.
முழங்காலுக்குக் கீழே இறங்கும், இரு பக்கமும் பை,
மொத்த விலை அறுபத்தெட்டு.
நான்கு, என்று எழுதினேன்.
அதே கவுன் கறுப்பில் நாற்பது.
காரணம் என்ற கட்டத்தில்:
கறுப்பு கைவிடாது.

பதினொன்றே காலுக்கு இடைவேளை.
சிட்னி சாலையில் காப்பிக் கோப்பையை
குடிக்க அல்ல, பிடித்துக்கொள்ள வாங்கினோம்.
டிராம் நிறுத்தத்தில் கூட்டம்,
கழுத்தை உள்ளிழுத்த ஆமைகளாக.
ஆரஞ்சுச் சட்டை போட்ட கட்டட வேலைக்காரர்,
இரட்டைத் தள்ளுவண்டியோடு ஒருத்தி,
செல்லோவா சவப்பெட்டியா தெரியாத ஒன்றைச்
சுமந்த பையன்.

மேகம் ஓரிடத்தில் நைந்து
வெயில் விழுந்தது.

வெயில்தான்.
எங்கள் ஊரில் கேட்காமலே தலையில் கொட்டுகிற அதே சாமான்.

பேச்சு நின்றது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் கடித்த ரொட்டியை மெல்ல மறந்தார்.
ஒரு முகம் நிமிர்ந்தது, பக்கத்து முகம், அதற்குப் பின்னால் இன்னொன்று,
யாரும் யாருக்கும் சொல்லாமல்
இமைகள் இறங்கின.
வெயிலைக் கண்டால் குனிகிற ஊர் எனக்கு.
குடை விரிப்போம்,
நிழல் இருக்கிற பக்கமாகத் தெருவைக் கடப்போம்.

டிராம் வந்த சத்தம்.
கதவு திறந்த சத்தம்.
ஏறும் காலடிச் சத்தம் மட்டும்
கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்டது.

மாடிக்கு ஓடி நான்கை அடித்தேன்.
இருபத்தாறு.
குறைந்ததைக் கறுப்பிடமிருந்து பிடுங்கினேன்.
"பைத்தியமா? பிப்ரவரியில் பாதி விலைக்குத் தொங்கும்"
என்றாள் ஃபர்ஹானா.
தொங்கலாம்.
தள்ளுபடிக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதி
ஏழாக்கி
மறுபடி ஒன்பதாக்கினேன்.

மறுநாள் விடுதியின் சாப்பாட்டு அறையில் மதிப்பீடு.
ரொட்டி கருகிய வாசனை.
திருமதி ஓங்கின் பேனா மஞ்சளில் வந்து நின்றது.
காரணம் என்ற கட்டத்தைச் சத்தமாக வாசித்தார்:
'டிராம் நிறுத்தம். வெயில் வந்தது. கண்ணை மூடினார்கள்.'
யாரோ சிரித்தார்கள், ஜுன் வெய்யாக இருக்கும்.
அவர் சிரிக்கவில்லை.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
"எத்தனை பேர்?"

எண்ணவில்லை, என்றேன்.
நானும் மூடியிருந்தேன்.