பார்த்துச் சொல்

அழைப்பு வந்தபோது மணி நாலு, இருட்டிவிட்டிருந்தது.
"தராசு நன்றாக இருக்கிறது,
கணினிதான் ஊமையாகிவிட்டது" என்றாள் ஸ்டெய்ன்வோர்.
ரேக்யவிக்கிலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்டினேன்,
பாதி வழி பனி, மீதி வழி காற்று.

துறைமுகத்து எடைக் கொட்டகை.
வெளியே மூன்று படகுகள் இன்னும் வரிசையில்,
ஆரஞ்சுத் தொட்டிகளில் காட் மீன்.
உள்ளே திரை முழுக்க ஒரே வாசகம்:
உன் கோப்புகள் என்னிடம்.
கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.
அவள் தச்சுப் பென்சிலால் ஈர நோட்டில்
எழுதிக்கொண்டிருந்தாள்:
நானூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று எண்பது.
மீனுக்கு எந்தக் கணினியும் தேவைப்படவில்லை.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்,
பாதிப் பதில் பொய்யாக இருக்கும் என்று தெரிந்த
மருத்துவரைப் போல.
இணைப்பு எதையாவது திறந்தீர்களா?
"திறந்தேன்."
தெரியாத ஆளா?
"தெரிந்த ஆள். தோர்கில்ஸ்."
நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று
ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?
பென்சிலைக் காதில் செருகினாள்.
"அந்தக் குன்றில் புதைத்து இரண்டு வருஷம் ஆகிறது."

பிறகு, தொட்டி ஒன்று இறங்கி ஏறியபின், சொன்னாள்:
மின்னஞ்சலின் அடியில் அவருடைய பழைய கடிதம்
அப்படியே இருந்ததாம்.
நாளை உறைபனி. தராசுத் தட்டில் உப்புத் தூவ மறக்காதே.
அதன்மேல் ஒரே வரி:
இதைப் பார்த்துச் சொல்.
"பார்த்துச் சொல் என்பது அவர் பேச்சு."

எனக்கு விளங்கிவிட்டது.
செத்தவரின் அஞ்சல்பெட்டியை யாரும் மூடவில்லை.
கடவுச்சொல் அவர் படகின் பெயர்,
படகின் முகப்பிலேயே எழுதியிருக்கும்.
உள்ளே புகுந்தது மனிதன்கூட அல்ல, ஒரு நிரல்.
பழைய கடிதங்களைக் கிளறி
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணி கட்டித்
திருப்பி அனுப்பியிருக்கிறது.
அதற்கு உப்பும் தெரியாது, உறைபனியும் தெரியாது.
ரசீது என்று முகம் காட்டிய கோப்பு
வாலை மட்டும் மறைத்துக்கொண்டு வந்திருந்தது.

சுவரில் நான் அச்சடித்துக் கொடுத்த எச்சரிக்கைத் தாள்:
முன்பின் தெரியாதவர் மின்னஞ்சலைத் திறக்காதே.
தெரிந்தவரைப் பற்றி
அதில் ஒரு வரிகூட இல்லை.

காப்புப் பிரதி?
இருந்தது. அதே கணினியில், செருகியபடியே.
சாவியைப் பூட்டிலேயே விட்டு ஊருக்குப் போன வீடு.
அதுவும் போயிற்று.

மேசையின் கடைசி இழுப்பறையில், ஒரு மத்தி மீன் டப்பாவில்,
இன்னொரு வட்டு கிடந்தது.
மூடியில் அவர் கையெழுத்து: கழற்றியே வை.
அவர் படுக்கையில் விழுந்த வாரம்வரை எல்லாம் இருந்தது.
அதற்குப் பின் அவள் தனியாக எடை போட்ட
இரண்டு வருஷம் இல்லை.
பணம் கட்டவில்லை.
கட்டினால் திருப்புவான் என்று யார் கண்டது?

பதினொரு மணிக்கு விடியும் ஊர் அது.
அதுவரை துடைத்தேன், புதிதாக நிறுவினேன்,
என் தாளின் அடியில் கோணல் எழுத்தில் சேர்த்தேன்:
சந்தேகம் வந்தால் போன் பண்ணு.
வராவிட்டாலும் பண்ணு.

கடைசியாக அவர் கணக்கு.
நிரந்தரமாக மூடவா என்று கேட்டது திரை.
சுட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.
"அதை இன்னொரு தடவை படிக்கலாமா?"
இணையக் கம்பியைப் பிடுங்கி, இணைப்பை உரித்தெறிந்து,
வெறும் எழுத்தை மட்டும் காட்டினேன்.
படித்தாள். அழுத்தினாள்.

வெளியே அடுத்த படகு சங்கூதியது.
போகிற போக்கில் மூலையிலிருந்த வாளிக்குள் கைவிட்டு
தராசுத் தட்டில்
ஒரு பிடி தூவிவிட்டுப் போனாள்.