இருபதாவது நிமிடம்

சியாத்துராவில் அன்று கரண்ட் போனபோது
மாலை நாலு பத்து.
ரோப்கார் பாதி வழியில் நின்றது,
கீழே ஆறு, மேலே சுரங்கக் குடியிருப்பு,
உள்ளே இரண்டு பேர், ஒரு வான்கோழி.

வான்கோழி ஜூஜுனா அம்மாளுடையது.
இன்னொருவர் ஜும்பெர், பல்செட் கட்டுகிறவர்.
மடியில் பிஸ்கட் டப்பா.

கீழ் நிலையத்தில் லிவர் பிடிப்பவள் நான், நானுலி.
வயதைக் கேட்காதீர்கள்.
டிவிக்காரர்கள் கேட்டு, தப்பாகத்தான் போட்டார்கள்.

அவர்கள் வந்தது வேறு எதற்கோ.
பாலம் திறக்க வேண்டிய அமைச்சர்
மழையைப் பார்த்துவிட்டு வரவில்லை.
இத்தனை தூரம் கேமராவைத் தூக்கி வந்துவிட்டு
சும்மா திரும்புவார்களா?
ஜும்பெரின் எண்ணை யாரோ கொடுத்தார்கள்.
அந்தரத்திலிருந்து நேரலை.

இனி சொல்லப்போவதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை:
இருபதாவது நிமிடம் கரண்ட் வந்துவிட்டது.

என் கூண்டில் விளக்கு எரிந்தது.
சட்டை மாட்டும் கம்பியை ஆன்டெனாவாகச் சுமக்கும்
என் குட்டி டிவியும் தானே விழித்தது.
அதில் நிருபரின் குரல்:
"மேலே என்ன வேலையாகப் போகிறீர்கள்?"
பதில் இல்லை.
லிவரில் கை வைத்திருந்தேன்.
பதில் வந்ததும் தள்ளிவிடலாம் என்று.

"வேலை ஒன்றும் இல்லை" என்றார்.
"மேலே பல் இல்லாதவர்கள் மொத்தம் நாலு பேர்.
நாலு பேருக்கும் போன கோடையிலேயே கட்டிவிட்டேன்.
பதினோரு மாதமாகச் சும்மாதான் ஏறி இறங்குகிறேன்.
கதவைச் சாத்தும்போது அவள்
'பிடித்துக்கொள்ளுங்கள்' என்பாள்.
எல்லோரிடமும்தான் சொல்வாள்.
ஆனாலும்."

அந்த "ஆனாலும்" என் தலைக்கு மேலே ஒருமுறை,
இரண்டு விநாடி கழித்து டிவியில் ஒருமுறை.

யார் அந்த அவள் என்று நிருபர் கேட்க
அவர் வாயடைத்துப்போக
ஜூஜுனா அம்மாள் போனைப் பிடுங்கிச் சொன்னாள்:
"லிவர்காரிதான். வேறு யார்?"

மேலதிகாரி தொலைபேசியில் கத்தினார்.
மோட்டார் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றேன்.
ஓடாத மோட்டார் எப்படிச் சூடாகும் என்று
அவர் கேட்கவில்லை. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்.
ஒன்றே முக்கால் மணி நேரம்
நாடே அண்ணாந்து பார்த்தது.

பிறகு ஒன்பது நாள்.
பற்பசைக் கம்பெனி அவரை விளம்பரத்துக்குக் கூப்பிட்டது.
ஊரார் பல் நன்றாக இருந்தால்
என் பிழைப்பு என்னாவது என்றாராம்.
என் கூண்டின் முன் வரிசை நின்றது:
டிக்கெட் வாங்கி, உள்ளே ஏறி,
"அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்" என்றார்கள்.
எனக்கு வரவில்லை. "ம்" என்று கதவைச் சாத்தினேன்.

அவரைத் திபிலிசிக்கு அழைத்துப்போய்
தலையைத் தப்பான பக்கம் வாரி
என் அட்டை உருவத்தின் முன் மண்டியிடச் சொன்னார்கள்.
உற்றுப் பார்த்துவிட்டு,
"மூக்கு இவளுடையது இல்லை" என்று எழுந்துவிட்டார்.
விளம்பர இடைவேளை.

பத்தாம் நாள் செஸ்தபோனியில்
ஒரு கரடி மருந்துக்கடைக்குள் புகுந்தது.
கேமராக்கள் அங்கே போயின.
கரடிக்கு நல்லது நடக்கட்டும்.

பதினோராம் நாள் தூறலில் வந்தார்,
தலை பழைய பக்கத்துக்குத் திரும்பியிருந்தது.
"ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.
"கரண்ட் அன்று இருபதாவது நிமிடமே..."

"தெரியும்" என்றார்.
"மேலிருந்து பார்த்தால் ஊரே தெரியும்.
முதலில் ரொட்டிக்கடையில் விளக்கு எரிந்தது.
பிறகு பள்ளிக்கூடம். பிறகு உன் கூண்டு.
ரோப்கார் மட்டும் நகரவில்லை.
அதுவரை வானிலை பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்?"

என் காது சூடாகியது. ஆறட்டும் என்று
சொல்ல எந்த மோட்டாரும் இல்லை.

பின்னாலிருந்து ஜூஜுனா அம்மாள்:
"எனக்கும் தெரியும். வான்கோழிக்கும் தெரியும்.
மழையில் நிற்கிறேன், கதவைத் திற."

ஏறினார்கள். கதவைச் சாத்தினேன்.
"பிடித்துக்கொள்ளுங்கள்."

ஜூஜுனா அம்மாள் கம்பியைப் பிடித்தாள்.
அவர் பிடிக்கவில்லை,
இரண்டு கையிலும் அந்த பிஸ்கட் டப்பா.
ரோப்கார் குலுங்கிக் கிளம்பியபோது
அதற்குள் எதுவும் உருளவில்லை.