சுமார்

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
விமான நிலையத்தின் பின்பக்கக் கண்மாய்க்கு வரச் சொன்னார்கள்.
கண்மாயின் பெயரைச் சொல்ல மாட்டேன்,
வலை வைத்திருப்பவர்களும் கவிதை வாசிக்கக்கூடும்.
அனுமதி இலவசம். வெள்ளைச் சட்டை கூடாது.
என்னிடம் இருப்பது மூன்று வெள்ளை, ஒரு காக்கி.
காக்கியில் போனேன்.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பாளன் நான்.
இருபத்தாறு வருடமாய் வில்லாபுரத்து வீடுகளில்
மாடிப்படிக்கு அடியில் குனிந்து
செருப்பு, கோலப்பொடி டப்பா, சைக்கிள் பம்பு விலக்கி
ஓடும் எண்ணைப் பார்த்து எழுதியவன்.
அந்தப் பக்கத்து நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.
அண்ணாந்து பார்க்கிற வேலை
வந்ததேயில்லை.

கலுங்கை ஒட்டித் தகரக் கொட்டகை.
'பறவை மையம்' என்று நீலத்தில் எழுதியிருந்தது.
உள்ளே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி,
பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணில் பிடித்த முட்டைகள்,
ஒன்றில் பிடித்தவளின் கைரேகை.
பொறுப்பாளர் ஃபிலோமினா இருநோக்கியை நீட்டினாள்:
"கழுத்துல மாட்டிக்கங்கண்ணே.
போன மாசம் ஒருத்தர் தண்ணிக்குள்ள போட்டுட்டாரு."
தங்கம் நிறுக்கும் துளசிராம்
கரையைப் பார்த்துக்கொண்டார்.

கூழைக்கடாக்கள்.
பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாய்
ஒரே நேரத்தில் குனிந்தன,
ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்று
நகர்ந்துபோய்ப் பதினேழுக்குப் பின்னால் நின்றது.
மறுபடி ஒன்றிலிருந்து.
மீட்டர் ஓடும், ஆனால்
இடம் மாறி உட்காராது.

"சுமார்னு போட்டுக்கங்கண்ணே, தப்பில்ல."
சுமாரா?
பூட்டிக்கிடந்த வீட்டுக்கு ஒருமுறை
சுமாராய் ஓர் எண் போட்டு
ஒரு வருட இன்க்ரிமென்ட் போனது எனக்கு.

அப்போது வெடித்தது வேட்டு.
தண்ணீர் தன் மேல்தோலை உரித்து
வானத்துக்கு எறிந்ததுபோல்
நீலச்சிறகி, நாமக்கோழி, அரிவாள்மூக்கன்,
எந்தக் கட்டத்தில் எதை எழுத?
வாய் திறந்து அண்ணாந்து நின்றேன்.
தோளில் சூடாய் ஒன்று விழுந்தது.
காக்கிதானே.

கருவேலுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தார்,
கையில் இன்னும் புகைகிற ஊதுபத்தி.
மீன் குத்தகைக்காரரின் காவல்.
"ஞாயித்துக்கிழமை மட்டும் விடச் சொன்னேன்லண்ணே"
என்றாள் ஃபிலோமினா, குரல் உடைய.
அவர் எங்கள் படிவத்தை எட்டிப் பார்த்தார்.
"கூழைக்கடா இருநூத்திப் பதிமூணு.
நேத்து இருநூத்திப் பத்து, மூணு புதுசு.
பொழுதடைய தினம் எண்ணுறேன்,
ஒண்ணுக்கு ஒரு கிலோ மீனுன்னு
மொதலாளி கணக்குக் கேக்குறாருல்ல."
கொஞ்சம் நிறுத்தி,
"அதுல ஒண்ணு நொண்டி. பையத்தான் எந்திரிக்கும்.
அது ஏறுன பெறகுதான் அடுத்த வேட்டு."

யாரும் பேசவில்லை.
ஃபிலோமினா எழுதினாள்: 213.
பார்த்தவர் பெயர்?
"ஒச்சு."
இனிஷியல்?
"எதுக்கு, கேசு போடவா?"

பறவைகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
ஒச்சு ஊதுபத்தியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு
எங்களோடு உட்கார்ந்தார்,
டீ வரும்வரைக்கும்தான்.
அடுத்த ஞாயிறும் அவருக்கு வேலை இருக்கிறது.

எனக்கு ஒரு கட்டம் மிச்சமிருந்தது, தகைவிலான்.
கரையோரமாய்ப் போகிற எங்கள் வாரியத்துக் கம்பியில்
பொடிப்பொடியாய் அவை,
ஒன்று இறங்க, இரண்டு ஏற.
இந்தக் கம்பிக்குக் கீழே எத்தனை முறை
குனிந்தே போயிருக்கிறேன்.

உத்தியோகத்தில் இரண்டாம் முறையாக,
கை கொஞ்சம் கூச,
எழுதினேன்:
சுமார் நூறு.

புள்ளி வைத்ததும்
இன்னொன்று வந்து உட்கார்ந்தது.